தம்பி, லைவ் இன்னும் ஓடுது

ஊரடங்கெல்லாம் முடிந்து கடைகள் திறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். மலேசியாவின் கிள்ளான் நகரில், லிட்டில் இந்தியாவுக்குப் பின்தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, நானும் என் மனைவியும் இணையத்தில் சேலை விற்றுக்கொண்டிருந்தோம். கேமரா முன்னால் நின்று பேசியது நான். சேலையைத் தோளில் போட்டுச் சுற்றிக் காட்டியதும் நான்தான். மீசை வைத்த ஆள் பட்டுச் சேலையோடு நிற்கிற கூத்தைப் பார்க்கவே பாதிப் பேர் வருகிறார்கள் என்று மனைவி சொல்வாள்.

அதற்கு முன் நான் செய்து பார்க்காத வேலை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணினிப் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சிரிப்பு வீடியோக்கள் எடுத்தேன். என் அண்ணனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் கல்யாண வீடியோ. செலாயாங்கில் ஒரு கல்யாணத்தில் நான் பறக்கவிட்ட ட்ரோன், மாப்பிள்ளை தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகச் சாம்பார் வாளியில் போய் இறங்கியது. அந்தத் தொழிலும் அங்கேயே இறங்கியது. பிறகு சாப்பாட்டு வீடியோ. முப்பது நாளில் முப்பது கடை நாசி லெமாக் என்று அறிவித்துவிட்டு, இருபத்திரண்டாவது நாளோடு வயிறு கையெடுத்துக் கும்பிட்டது. போன் உறை விற்றேன், அதுவும் போணியாகவில்லை. ஊரடங்கில் மூடிப்போன ஒரு ஜவுளிக்கடையின் சரக்கு கைக்கு வந்தபோது, கடைசியாக இதையும் பார்த்துவிடுவோமே என்றுதான் சேலையைத் தோளில் போட்டேன். ஆச்சரியமாக, அது ஓடியது.

அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இளகிவிடும். புதுச் சேலையின் கஞ்சி வாசனை, கீழே பாத்திரம் உருளும் சத்தம், ஜன்னல் திட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்கள். வாரத்தில் நான்கு நாள், சரியாக மூன்றரை மணிக்கு லைவ் தொடங்குவோம். எண் சொல்லிச் சேலையைக் காட்டுவேன், பிடித்தவர்கள் அந்த எண்ணைத் தட்டிவிட்டால் மனைவி அவர்கள் பெயரில் எடுத்து வைப்பாள். தினமும் வருகிறவர்களின் பெயரெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

அதில் ஒருவரை நாங்கள் மல்லிப்பூ அக்கா என்று கூப்பிடுவோம். முகம் தெரியாது. படத்தின் இடத்தில் ஒரு முழம் மல்லிகைச் சரம்தான் இருக்கும். தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் வந்துவிடுவார். நான் எந்தச் சேலையைக் காட்டினாலும் ‘லவ்லி தம்பி’ என்று போடுவார். ரொம்பப் பிடித்திருந்தால் ‘லவ்லி’ மூன்று தடவை வரும். ஒரு வருடத்தில் ஒரு சேலை, ஒரு சேலைகூட அவர் வாங்கியதில்லை.

ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு வைத்திருந்த நாற்பது சேலையும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டது. எனக்குக் கால் தரையில் படவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிக்கும் பொத்தானைத் தட்டினேன். அந்தப் பொத்தானைத் தட்டியதும் ‘நிச்சயமாக முடிக்கவா’ என்று திரை இன்னொரு தடவை கேட்கும். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தோளிலிருந்த சேலையை உருவிக்கொண்டே திரும்பிவிட்டேன். மனைவி பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு பேரும் திரை தெரியாத போனின் பின்பக்கம், நான்கடி தள்ளி, பின்கேமராவில் பாதி விழுகிற மாதிரி தரையில் உட்கார்ந்தோம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

“மல்லிப்பூ அக்கா இன்னைக்கு எத்தன லவ்லி?” என்று கேட்டேன்.

“முப்பதுக்கு மேல இருக்கும் லா,” என்று மனைவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் போதும். மடிக்காமல் கிடந்த ஒரு சேலையை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, குரலை இழுத்து, “லவ்லி தம்பி, லவ்லி” என்று ஆடிக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். “வாங்க வக்கில்லன்னா எதுக்கு தெனமும் வந்து குந்தணும்? ஓசியில படம் பாக்கற மாதிரி” என்றேன். மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு, “போதும், விடுங்க” என்றாள். நான் விடவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் அதையே சொல்லிச் சொல்லி ஆடினேன். அப்புறம் சரக்குக் கொடுக்கிறவரைப் பற்றி ஏதோ திட்ட ஆரம்பித்தபோது, மனைவி தண்ணீர் எடுக்க எழுந்து போனின் திரைப் பக்கம் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

திரையின் மூலையில் முப்பத்தொன்று என்ற எண் இருந்தது. முப்பத்தொரு போன்களில் நாங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தோம்.

கீழே வரிசையாக ஒரே பெயரில் செய்திகள். ‘தம்பி, லைவ் இன்னும் ஓடுது.’ ‘தம்பி ஆஃப் ஆகல.’ நான் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட்டவை அவை. நான் ஆடி முடித்த பிறகு மறுபடியும் இரண்டு வந்திருந்தன. ‘தம்பி ஆஃப் பண்ணுங்க, மத்தவங்க பாக்கறாங்க.’ ‘தம்பி ப்ளீஸ்.’ எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அந்த மல்லிகைச் சரம்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. கேலி செய்தவன் நான். கேலிக்கு ஆளானவர், அப்போதும் என் மானத்தைக் காப்பாற்றத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? வீடியோ எடுக்கிறவனுக்கு எது நடந்தாலும் வீடியோதானே தோன்றும். முகம் கழுவி, கறுப்புச் சட்டை மாற்றி, விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கி, மன்னிப்பு வீடியோ எடுக்க உட்கார்ந்தேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சட்டையெல்லாம் மாத்தியாச்சு,” என்றாள். “அந்த அக்காகிட்ட மன்னிப்பு கேக்கணுமா, இல்ல ஊர்ல நல்ல பேரு வாங்கணுமா? மொதல்ல அத சொல்லுங்க.”

விளக்கை அணைத்துவிட்டேன். அக்காவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. அடுத்த லைவுக்கும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவர் இல்லாதபோதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு உறைத்தது. ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா, கடல் தாண்டி சபா மாநிலத்துக்கு அனுப்புவார்களா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம், நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர்தான் பொறுமையாகப் பதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது கேள்விகள் அப்படியே கிடந்தன.

தேடிப் போகலாம் என்றால் முகவரி இல்லை. ஒன்றும் வாங்காதவருக்கு எங்களிடம் முகவரி எப்படி இருக்கும்? அப்போது வேறொன்று நடந்தது. அந்த வாரம் எடுத்து வைத்திருந்த சேலைகளில் ஐந்தை, ஐந்து பேர் அடுத்தடுத்து வேண்டாம் என்றார்கள். ஐந்து பேரும் பக்கத்து ஊரான மேருவில் இருப்பவர்கள். அதில் ஒரு பெண்ணின் வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தைந்து வயதிருக்கும். வாசல் கேட்டைத் திறக்காமல், உள்பக்கம் நின்றபடியே பேசினாள்.

“சேலை நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. மனசுதான் வரல.”

அவள் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. இந்தப் பெண்களுக்கெல்லாம் சுங்கை பூலோ பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மூன்றரைக்கு ஷிப்ட் முடியும். தொழிற்சாலை பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு மேருவுக்கு வருவதற்குள், ஜாமில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். மல்லிப்பூ அக்கா அந்த பஸ்ஸில் நடு இருக்கையில் உட்கார்ந்து, சத்தத்தை முழுசாக வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போனைத் தூக்கிப் பிடிப்பார். பின்வரிசைக்குத் தெரியாததை வாயால் சொல்வார். பஸ்ஸே ‘நல்லாருக்கு’ என்றால் ஒரு லவ்லி. பஸ்ஸே கூச்சல் போட்டால் மூன்று லவ்லி.

“அந்த லவ்லியெல்லாம் அக்கா தனக்குப் போட்டதில்ல அண்ணே. எங்களுக்குப் போட்டது. நாங்க வாங்கினதெல்லாம் அவங்க போன்ல பாத்துத்தான்.”

அப்படியானால் அன்றைக்கு நான் பேசியது மொத்த பஸ்ஸுக்கும் கேட்டதா என்றேன்.

“எல்லாரும் கேட்டோம். அக்கா முகத்தப் பாக்க முடியல. ஆனா கை மட்டும் தட்டிக்கிட்டே இருந்துச்சு. போன மூடுங்கக்கான்னு நான்தான் சொன்னேன். ‘இரு, அந்தத் தம்பி வேற எதையாச்சும் ஒளறிடப் போறாரு, கூட அவரு பொண்டாட்டி வேற இருக்கு’ன்னு சொன்னாங்க.”

மறுநாள் ஐந்து மணிக்கு, அந்தப் பெண் சொன்ன நிறுத்தத்தில் காத்திருந்தேன். காரில் ஒரு சேலை வைத்திருந்தேன். மயில் கழுத்து நிறம், மூன்று லவ்லி வாங்கிய சேலை. பஸ் வந்து நின்றது. சீருடையில் ஓர் அம்மாள் இறங்கினார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நெற்றியில் தலைமுடிக்கு மாட்டும் வலையின் கோடு அப்படியே பதிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இங்க எதுக்கு வந்தீங்க தம்பி?”

“அக்கா, அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். “எங்கிட்ட தனியா சொல்லி என்ன பண்றது தம்பி? நான் தனியாவா கேட்டேன்?”

பஸ் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. ஏறினேன். இருபது முகங்கள் இருக்கும். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நாள் முழுக்கக் கையுறை போட்டு ஊறிப்போன விரல்களோடு, களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று எண் காட்டும்போது மூச்சுவிடாமல் பேசுகிறவன் நான். அங்கே வாய் திறக்க வரவில்லை. முதுகு வழியாக வேர்வை இறங்கியது.

“லைவ்ல வாய் ஓயாது, இங்க வந்து வேர்க்குது பாரு,” என்று முன்வரிசையில் ஒரு குரல்.

“நான் பேசினது தப்பு,” என்றேன். “அக்காவப் பத்திப் பேசினது ரொம்பப் பெரிய தப்பு. வாங்கறவங்க மட்டுந்தான் நம்ம ஆளுங்கன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க.” இவ்வளவுதான் சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மற்றதெல்லாம் எங்கே போனதோ.

பின்னாலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண், “டியா சாக்காப் ஆப்பா?” என்று கேட்டாள். இவர் என்ன சொல்கிறார் என்று. படியில் நின்ற அக்கா, “மிந்தா மாஃப்”, மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்காக மொழிபெயர்த்தார். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்பவனுக்கும் அவர்தான் துணை நிற்க வேண்டியிருந்தது. யாரும் கைதட்டவில்லை. ஒரு சிலர் தலையாட்டினார்கள். ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “சரி லா பாஸ், நான் போவணும்” என்று டிரைவர் சொன்னதும் இறங்கினேன்.

பஸ் போன பிறகு, காரிலிருந்த சேலையை எடுத்து நீட்டினேன். நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்துத்தான். அக்கா அதைத் தொடவில்லை.

“வாங்க வக்கில்லன்னு சொன்னீங்க. இப்ப சும்மா வாங்கிக்கிட்டா, அது உண்மையாயிரும்ல?”

இரண்டாவது தடவையாக அவரை அவமானப்படுத்தியிருந்தேன், இந்தத் தடவை கையில் சேலையோடு. “மன்னிச்சிருங்கக்கா” என்று மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் அவர் லேசாகச் சிரித்தார்.

“எனக்கு சேலை பாக்கப் பிடிக்கும் தம்பி. அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் பெருசா கற்பன பண்ணிக்காதீங்க.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அடுத்த இரண்டு லைவிலும் மல்லிகைச் சரம் வரவில்லை. மூன்றாவதில், ஊதா நிறத்தில் கடுகு நிறப் புள்ளி போட்ட, நானே வெறுத்த ஒரு சேலையைக் காட்டிக்கொண்டிருந்தபோது ‘லவ்லி தம்பி’ என்று வந்தது. மூன்று தடவை. பஸ்ஸே சிரிப்பது எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து “மேரு பஸ், இது எப்படி?” என்று கேட்டு, பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று மெதுவாகச் சுற்றிக் காட்டுவது என் வழக்கமானது. அந்த நாட்களைப் போல நான் ரசித்துச் செய்த வேலை வேறில்லை.

ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. பிறகு அந்தத் தொழிற்சாலை ஷிப்ட் நேரத்தை மாற்றிவிட்டது. பஸ் கலைந்தது. அக்கா வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தெருவுக்குத் தெரு லைவ் வந்ததும் என் சேலை வியாபாரமும் படுத்தது. மாடி அறையைக் காலி செய்துவிட்டு மசாலாத் தூள் போட்டோம். இப்போது பிரிக்பீல்ட்ஸில், வீட்டிலிருந்து பொருள் விற்க நினைப்பவர்களுக்கு வீடியோவில் பேசக் கற்றுத்தருகிறேன். அந்த அக்காவின் உண்மையான பெயரைக் கடைசிவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னிடம் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, பார்ப்பவர்களில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்றுதான். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். திரையின் மூலையில் ஏறி இறங்கும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், வேலை முடிந்த களைப்பில் யாரோ ஒருத்தி மற்றவர்களுக்காகக் கைவலிக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் என்றே இன்றும் நினைத்துக்கொள்கிறேன்; அவள் முகம் வாடாமல் பேச வேண்டுமே என்ற பயம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.