தொட்டிக்கு ஒரு குடம் தண்ணீர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் குடம். அதில் பாதியளவு தண்ணீர். அதன் பிறகே அப்பாவைப் பார்த்தேன். காளவாய்க் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. அவர் தலைக்கு மேலே, நான் போட்ட பூட்டு.

காரமடைக்கு மேற்கே பிறந்தவர் அப்பா. இளம் வயதிலேயே தந்தையை இழந்து கல் உடைக்கப் போனார். முப்பது வயதில், வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகச் சுண்ணாம்புக் கல் சுடும் காளவாய் கட்டினார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுற்று வட்டாரம் முழுவதும் அவரிடம்தான் வாங்கியது. கடைகளில் டிஸ்டம்பர் பெயிண்ட் வந்தபோது சிரித்தார். "நம்ம சுண்ணாம்பு ஊட்டுக்கு வந்தவங்கள வெறுமனே அனுப்பாதுங்க. முதுகுல முத்திரை போட்டுத்தான் அனுப்பும்" என்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்க ஆள் வரவில்லை. அம்மா இறந்த வருடமே காளவாயும் அணைந்தது.

இப்போது அங்கே இருப்பவை, ஒரு பக்கம் சரிந்த வட்டச் சுவர், கரி படிந்த வாய், பின்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு தொட்டி. அந்தத் தொட்டிக்கு அப்பா தினமும் காலையில் குடத்துடன் போவார். சித்திரையில் அங்கே வழுக்கி விழுந்து கை முறிந்தது. செய்தித்தாள் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து வந்த நான், அன்றே அங்கே போகும் கதவைப் பூட்டினேன்.

"கதவத் தொறந்து உடு கண்ணு. தண்ணி ஊத்தோணும்."

"பாழாப்போன காளவாய்ல தண்ணி ஊத்தி என்னங்கப்பா மொளைக்கப் போகுது?"

அப்பா பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நினைவு தடுமாறுகிறது என்று எண்ணினேன். கேள்வி கேட்பது என் தொழில். அந்தக் கேள்வியை மட்டும் பதிலை எதிர்பார்க்காமல் கேட்டேன்.

காரியத்தன்று, அப்பாவிடம் வேலை பார்த்த ரங்கசாமி அண்ணன் சாவி கேட்டார்.

"அம்மணி, கடைசியாச் சுட்ட சுண்ணாம்பு தொட்டியில இருக்குதுங்க. அம்மா சமாதிக்கு வருசா வருசம் அதத்தான் அடிப்பாருங்க. 'எனக்கும் இதையே அடிச்சுப்போடு'ன்னு சொல்லி வெச்சாருங்க. மேல தண்ணி நிக்கற வரைக்கும் வெண்ணெயாட்டம் இருக்கும். காஞ்சா கல்லுங்க."

கதவைத் திறந்தோம். இரண்டு மாத வெயிலில் தொட்டி வறண்டு, வெடித்துக் கிடந்தது.

அப்பாவைத் தூக்கி வந்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த உறவினர்களுக்கும், இரண்டு நாள் கடப்பாரையால் அந்தத் தொட்டியைக் குத்திப் பார்த்த ரங்கசாமி அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவின் சமாதிக்குக் கடையில் வாங்கிய டிஸ்டம்பர் அடித்திருக்கிறோம்.