பால்சுறாவின் வயிறு

"சுறா குறைவாகத்தான் குட்டி போடும், காப்போம்" என்று பள்ளிச் சுவரில் பிள்ளைகளை எழுத வைத்த அறிவியல் டீச்சர் நான்தான். மறுநாளே பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பால்சுறா தேடி நின்றேன். மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள். சுறாப்புட்டு தின்றால் தாய்ப்பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா சுறாவின் வயிற்றைக் கீறினாள். உள்ளே தொப்புள்கொடி அறாத நான்கு குட்டிகள்.

"இதுவும் புள்ளத்தாச்சியாத்தான் இருந்திருக்கு டீச்சர். வேண்டாம்னா விட்ருங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "குட்டிய மட்டும் எடுத்துருங்க" என்றுதான் வந்தது.

பேத்திக்குப் பால் கொடுத்தபடியே மகள் புட்டை ரசித்துத் தின்றாள். "நாளைக்கும் வாங்கும்மா."

மறுநாளும் போனேன். அக்கா கத்தியை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பள்ளிச் சுவரைக் கடக்கும்போதும் இப்போது அப்படித்தான்.