பொறுங்க அக்கா

கணினி பழுதுபார்க்கும் அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனை முழுவதும் 'பொறுங்க அக்கா' என்றுதான் பெயர். எதைத் தொடும் முன்பும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான்.

அன்று காலை ரத்தப் பரிசோதனைக் கணினி படுத்துவிட்டது, அதன் நினைவகப் பலகையான ராம் பழுதாகியிருந்தது. அவசரப் பிரிவு நோயாளி ஒருவரின் ரிப்போர்ட்டுக்காக டாக்டர் வாசலிலேயே நின்றார். ஆய்வகக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த புது ராமை நீட்டினார்.

அக்கா அதை மதர்போர்டில் ராம் உட்காரும் ஸ்லாட்டின் மேல் பிடித்துப் பார்த்தார். "பொறுங்க. ராம்ல இருக்கிற வெட்டும் ஸ்லாட்ல இருக்கிற மேடும் ஒரு நூல் தள்ளி இருக்கு. இது வேற தலைமுறை."

"ஒரு நூல்தானேக்கா, அழுத்துங்க."

"அழுத்தினா போர்டே போயிடும். வரவேற்பு மேசையிலயும் இதே போர்டுதான். அதை அணைச்சு, ராமைக் கழட்டிட்டு வாங்க."

ஆய்வகக்காரர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அது 'டக்' என்று உட்கார்ந்தது, திரை விழித்தது.

"அங்க உயிர் ஊசலாடுது, இங்க உங்களுக்குப் பொறுமை" என்று டாக்டர் பொரிந்தார்.

திருப்புளி பைக்குள் போகாமல் அக்காவின் விரல்களில் இரண்டு முறை நழுவியது.

"அங்க படுத்திருக்கிறது எங்கம்மா, டாக்டர். ரிப்போர்ட்டை எடுங்க."