அண்ணன் பிரித்த இறக்கைத் தையல்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். அண்ணனுக்கு முன்கோபமும் பிடிவாதமும் உண்டு. தங்கை நான், அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கூலாய் பட்டணத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், தோட்டத்து ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய் எங்களைக் காப்பாற்றினார். ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஒற்றை ஆள் விமானத்தின் வரைபடத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. மரச் சட்டங்களைத் தாமே இழைத்தார். மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தினார்.

"கல்யாண வயசுல பொம்மை செஞ்சிக்கிட்டு இருக்கான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு காலை, தோட்டத்துப் பந்துத் திடலில் அது பறந்தது. கோல் கம்பத்துக்கு மேலே எழும்பி, மறுகோடியில் இருந்த கால்வாயில் போய் விழுந்தது. இறக்கைத் துணி கந்தலானது. அண்ணன் சேறும் சிரிப்புமாக எழுந்து வந்தார்.

புதுத்துணி வாங்கி, சாண் இடைவெளியில் இருந்த ஒவ்வொரு சட்டத்தோடும் இழுத்துத் தைத்தார். வார்னிஷ் பூசுவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். விமானத்தைக் கண்டால் தலை போய்விடும் என்பதால், அதைக் கழற்றி, முன்பு ரப்பர் பால் தகடுகளை உலர்த்திய பாழடைந்த புகைக்கூடத்தில் ஒளித்து வைத்தார். சண்டை முடிந்ததும் மறுபடி பறக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சண்டை முடிகிற வழியாக இல்லை. கடைகளில் துணியே கிடைக்கவில்லை. வேலைக்கு வருபவருக்கு மட்டுமே அரிசி என்றார்கள். அம்மா காய்ச்சலில் படுத்துவிட, அண்ணனின் பங்கு மூவருக்குப் போதவில்லை. பதினைந்து வயதான நான் போயாக வேண்டும். ஆனால் இடுப்பில் சுற்றியிருந்த கோணிப்பையும் கிழிந்துபோனது. வெளியே தலைகாட்ட முடியாமல் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அண்ணன் வெள்ளைத் துணி கொண்டுவந்து போட்டார்.

"எங்க கிடைச்சிச்சு அண்ணே?"

"கூலாய்ல. பாவாடை தைச்சிக்கோ."

விரித்துப் பார்த்தால், வரிசை வரிசையாக ஊசித்துளைகள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன.

"என்ன துணி இது, பூரா ஓட்டை. எல்லாம் சிரிப்பாங்க லா."

"காத்து வரும், போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதே துணியில் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவருக்கும் உடை கிடைத்தது. நான் வேலைக்குப் போனேன், அரிசி வந்தது. பாவாடையை மட்டும் தினமும் குறை சொன்னேன்.

ஜப்பானியர் போன பிறகு ஒரு நாள் புகைக்கூடத்துக்குள் நுழைந்தேன். இரண்டு இறக்கைகளும் வெறும் சட்டங்களாகக் கிடந்தன. பாவாடையின் ஓரத்தைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். துளை வரிசைகள் சட்டங்களோடு அப்படியே பொருந்தின. கத்தி வைத்து அறுத்திருந்தால் துணி வீணாகியிருக்கும். ஒவ்வொரு தையலாக உட்கார்ந்து பிரித்திருக்கிறார்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். "மழை வருது, வீட்டுக்குப் போ" என்றார். நான் பாவாடை ஓரத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த இன்ஜின் பிறகு லயத்துக்குத் தண்ணீர் இறைத்தது. அண்ணன் லாரி மெக்கானிக்காகவே காலத்தைக் கழித்தார், மறுபடி பறக்கவில்லை. கடைசி நாள்களில் படுக்கையில் இருந்தபடி, செனாய் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக் குறை சொல்வார்.

அண்ணனைத் தூக்கி உட்காரவைக்க ஓடிவந்த பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாருக்கும், கனிவோடு கவனித்த தாதியருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் நன்றி உரியது. அண்ணனுக்கு மட்டும் நான் அதைச் சொல்லவே இல்லை.

அண்ணே, அந்தப் பாவாடை நல்லாத்தான் இருந்துச்சு.