ஈறுக்குள் இருக்கும் பல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் அடுத்தவர் ரிக் வண்டியில் குழாய் மாட்டும் ஆளாகச் சேர்ந்து, கடைசியில் சொந்தமாகவே ரிக் வண்டி வாங்கினேன். ஈரோட்டுக்கு மேற்கே எங்கள் மேட்டுக்காட்டில் நான் போர் போடாத தோட்டம் குறைவு. "இங்க ஓட்டுங்க, வரும்" என்று காலால் கோடு கிழித்துக் காட்டுவேன். வராமல் போனது அபூர்வம். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுப் போர்தான் எல்லாவற்றிலும் ஆழம். ஊர்க் கிணறுகள் வற்றிக் கிடந்த ஒரு கோடையில் ஆயிரம் அடியும் தாண்டி இறக்கினேன். பாறைத்தூள் புகையாகப் பறந்து அடங்கிய பிறகு தண்ணீர் பீறிட்டது. கையில் அள்ளிக் குடித்தேன். உப்பு இல்லை, துவர்ப்பு இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்து வீதிக்கே திறந்துவிட்டேன். கல்யாணச் சமையலுக்கும் காதுகுத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் போயிற்று. பிற்பாடு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கள் வீதிக்கு வந்தபோது, கலங்கலாக இருக்கிறதென்று அதை மாட்டுத் தொட்டியில் விட்டோம். போர்த் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

மகனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். தாத்தாவான என்னை 'அப்பாரு' என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம், விழுந்த பால்பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவார்கள். என்னுடையது மாடி வீடு. அதனால் மூத்தவளின் முன்பல்லை மோட்டார் ரூம் ஓட்டின் மேல் எறிந்தோம். "முத்தாட்ட வெள்ளையா வரும் கண்ணு" என்றேன்.

பல் வந்தது. சுண்ணாம்பைத் தீற்றியது போலக் கோடு கோடாக வந்தது. நாளாக ஆக அந்தக் கோடுகளில் காவி ஏறியது.

"புள்ளைக்கு ஒழுங்காப் பல்லு வெளக்கி உடறதில்லையா?" என்று மருமகளைச் சத்தம் போட்டேன். அவள் தினமும் பக்கத்தில் நின்று தேய்த்துவிட்டாள். ஈறில் ரத்தம் வந்ததே தவிரக் கறை போகவில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் பேத்தியை "பாக்கு வாயி" என்று கூப்பிட்டார்களாம். அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகினாள். பிறகு சிரிப்பதே குறைந்துபோயிற்று. அதற்கப்புறம்தான் எங்கள் வீதிப் பிள்ளைகளின் வாய்களையும் நான் பார்த்தேன். பல வாய்களில் அதே காவி. ஊரோடு இருந்ததால் யாரும் அதை ஒரு கோளாறாக நினைக்கவில்லை.

மூத்தவளைக் கோயம்புத்தூரில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயதுப் பெண். பார்த்தவுடன், "எந்தத் தண்ணிங்க குடிக்கறீங்க?" என்று கேட்டார்.

"நம்ம போருங்க அம்மிணி. நானே ஓட்டுனது." நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"அதுல ஃபுளோரைடு அதிகமா இருக்கும்னு தோணுதுங்க. அதுதான் பல்லுல இப்படிக் கறையா ஏறும். டெஸ்டுக்குக் குடுத்துப் பாருங்க."

"காய்ச்சி ஆறவெச்சுத்தானுங்க குடுத்தேன்" என்றாள் மருமகள்.

"காய்ச்சுனாப் போகாதுங்க."

மூத்தவளுக்கு வளர்ந்த பிறகு பல்லின் மேல் பூச்சுப் போடலாம் என்றார். தண்ணீரை மாற்றினால் சின்னவளுக்குச் சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

"இன்னைக்கே மாத்தீருங்க. ஆனா அவளோட முன்பல்லு ஈறுக்குள்ள இப்பவே உருவாகியிருக்குமுங்க. எப்படி இருக்குன்னு வெளிய வந்தாத்தான் தெரியும்."

டெஸ்டிலும் அதுதான் வந்தது. ஒரு வாய் தண்ணீரில் உப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு என்று சொல்லும் நாக்கு என்னுடையது. இந்த ஃபுளோரைடு அதற்குத் தட்டுப்படவே இல்லை. வீட்டில் குடிக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறினோம். குழாயில் குடிக்க எடுக்க வேண்டாம் என்று வீதியில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டுக்கார அம்மா குடத்தை இடுப்பை விட்டு இறக்காமலே, "ஏனுங்க, இத்தன வருசம் நாங்க குடிச்சது இப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்களா? குழாயப் பூட்டறதுன்னா நேராச் சொல்லிப்போடுங்க" என்று சிரித்தார். அவர் பேரன் பக்கத்தில் நின்று அதே காவிப் பல்லோடு சிரித்தான்.

போன வாரம் சின்னவளுக்கு முன்பல் விழுந்தது. சாணி உருண்டையோடு மோட்டார் ரூம் பக்கம் ஓடி வந்தாள். பின்னாலேயே மூத்தவளும் வந்தாள்.

"அப்பாரு, எனக்கு வெள்ளையா வருமுங்களா?" என்று கேட்டாள் சின்னவள்.

வரும் என்று எத்தனை தோட்டங்களில் சொல்லியிருக்கிறேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"அப்பாருக்குத் தெரியாதுடி" என்றாள் மூத்தவள். "எனக்கு முத்தாட்ட வரும்னு சொன்னாரு."

கோபமாகச் சொல்லவில்லை. உருண்டையைத் தங்கையிடமிருந்து வாங்கி, எம்பி அவளே எறிந்தாள். அது ஓட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சின்னவள் கைதட்டிச் சிரித்தாள். மூத்தவள் அவள் முகவாயைப் பிடித்து வாயை அகலத் திறக்கச் சொன்னாள். பல் விழுந்த அந்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.