ரோஸி அக்காவின் வசனச் சீட்டு

புத்தாண்டுக் காலை ஆராதனையில் வசனச் சீட்டுத் தட்டு என் பெஞ்சுக்கு வந்தது. புது அட்டையின் பசை வாசனைக்கே எனக்கு வியர்த்துவிட்டது. ஐம்பது வயதாகியும் அந்தத் தட்டுக்கு முன்னால் நான் பத்து வயதுக் கோழைதான்.

அன்றும் இதே காக்ஸ் டவுன் கோயில்தான். பைபிள் வசனம் அச்சிட்ட சீட்டை ஆளுக்கொன்று எடுப்போம். வருடம் முழுவதற்கும் ஆண்டவர் நமக்குத் தந்த வாக்கு அது. என் சீட்டின் முதல் வரியிலேயே 'மரண' என்று இருந்தது. மேற்கொண்டு படிக்க எனக்கு ஏது உயிர்? வீட்டில் எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது, ரோஸி அக்காவின் பைபிளிலிருந்த சீட்டை உருவிக்கொண்டு என்னுடையதைச் செருகினேன். திருடிய சீட்டு 'பயப்படாதே' என்றது.

மார்ச்சில் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. 'பயப்படாதே'யைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பயந்தேன். கடைசியில் அவள் கட்டிலருகே போய் அழுதேன்.

"நாந்தான்க்கா சீட்ட மாத்தினேன். அது எனக்கு வந்த சாவு."

"தெரியும்டா. என் சீட்ட நான் கோயில்லயே படிச்சுட்டேனே. உன் மூஞ்சியப் பாத்துட்டு விட்டுட்டேன். தலகாணிக்குக் கீழ இருக்கு, எடுத்து முழுசா படி."

மரண இருட்டில் நடந்தாலும் ஆண்டவர் கூடவே வருவார் என்று இரண்டாவது வரியில் முடிந்தது வசனம்.

"அதப் படிச்சுட்டுதான் தினம் தூங்குறேன். நீ ஒத்த வரியோட ஓடிட்ட, கழுத."

அக்கா பிழைத்தாள். இன்று நரைத்த தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, தன் சீட்டை என் பக்கம் நீட்டினாள்.

"மாத்திக்கணுமாடா?"

வெட்கத்தோடு தலையசைத்து மறுத்துவிட்டு, என் சீட்டைக் கடைசி வரிவரை படித்தேன்.