எங்கும் போகாத ஓடை

கோபம் வந்தால் என் குரல் தானாக ஏறிவிடும். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். ஆற்றைப் பற்றிய பேச்சென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும். அன்றைக்குக் கோயில் கூட்டத்திலும் அப்படித்தான் ஆயிற்று. எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. தலைவர் எழுந்து, இந்த வருஷம் கரகத்தை ஆற்றங்கரையில் ஜோடிக்க வேண்டாம், லயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழாயடியில் ஜோடித்துக்கொள்ளலாம் என்றார். பால்குடம் எடுக்கிறவர்களும் அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொள்ளட்டும் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. போன வருஷம் ஆற்றில் முங்கி எழுந்த பெண்கள் பாதிப்பேர் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தோம். மஞ்சள் புடவையைத் துவைத்தால் வாளியின் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு நின்றது. ஆறு இப்போதெல்லாம் தே தாரிக் என்கிற பால் டீயின் நிறத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் ஆறு இல்லாமல் கரகமா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் டைம் கொடுங்கள், நல்ல தண்ணீர் ஓடுகிற இடமாக நான் பார்த்துச் சொல்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒரு தடவை குழாயடிக்குப் போய்விட்டால் திருவிழா மறுபடி ஆற்றுக்குத் திரும்பாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இதில் என் தங்கையும் இருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். அந்த எட்டு வருஷத்தில் ஒரு திருவிழாவின்போது, இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு அவள் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தால் இதே ஆற்றில் குளிப்பாட்டி, கரும்புத் தொட்டிலில் போட்டுக் கோயிலுக்குத் தூக்கி வருகிறேன் என்று. பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற நானும் அதைக் கேட்டேன். பையனுக்கு அப்போது ஏழு மாதம். சேற்றில் அவனை முக்க அவளுக்கு மனம் வரவில்லை. குழாயடியும் அவள் வேண்டிக்கொண்ட இடம் இல்லை.

எங்கள் ஆறு பெரிய ஆறு இல்லை. மலை உச்சியில் ஒரு பாசிக்காடு இருக்கிறது. மரமெல்லாம் பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். மழையில்லாத நாளிலும் மேகம் வந்து உரசிவிட்டுப் போனால் போதும், கிளையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டெல்லாம் வேருக்கடியில் புகுந்து, கீழே பாறையிடுக்கில் ஊற்றாக வந்து, பத்துப் பதினைந்து ஓடைகளாக இறங்கி ஓர் ஆறாகிறது. அது பெர்த்தாம் ஆற்றில் சேர்ந்து, அணைக்கட்டு ஏரியில் கொஞ்சம் தேங்கி, எங்கெங்கோ சுற்றிப் பகாங் ஆறாகிக் கடைசியில் தென்சீனக் கடலில் போய் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் நீலக் கோடாக இதை வரைந்து மார்க்கு வாங்கியவள் நான்.

ஆற்றுக்கு ஒரு கரை தேயிலை, மறு கரை காய்கறி. காய்கறிக்காரர்கள் மலைச் சரிவை வெட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டு, கோஸும் தக்காளியும் போடுகிறார்கள். மழை பெய்தால் வெட்டின மண் அப்படியே ஆற்றில் இறங்குகிறது. அணைக்குக் கீழே லெம்பா பெர்த்தாமில் ஒரு வருஷம் சேறு வீட்டுக்குள் புகுந்ததே, அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் நான் எதிர்க்கரையைப் பார்த்துத் திட்டாமல் இருந்ததில்லை. தங்கை புருஷன் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லோரி ஓட்டுகிறான். அவன் சோறு சாப்பிடும்போதுதான் நான் அதிகம் திட்டுவேன். அவனும் பாவம், நான் வறுத்துக் கொடுக்கிற அந்தக் கோஸையே தின்றுகொண்டு தலையாட்டுவான்.

தேயிலை அப்படி இல்லை என்பது என் பெருமை. தேயிலை வேர் மண்ணை விடாது. எங்கள் கரையிலிருந்து ஒரு பிடி மண் ஆற்றுக்குப் போவதில்லை என்று யாரிடமும் அடித்துப் பேசுவேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கோயில் துறையிலிருந்து ஆற்றோரமாகவே மேலே ஏறினேன். எந்த இடத்தில் பார்த்தாலும் அதே பழுப்பு. முக்கால் மணி நேரம் நடந்து சலித்துப்போன சமயம், தேயிலைக் கரைப் பக்கம் பெரிய பெரணிச் செடிகளுக்கு அடியிலிருந்து சலசலவென்று சத்தம் கேட்டது. விலக்கிப் பார்த்தால் ஓர் ஓடை. ஆற்றில் வந்து விழுகிற இடத்தில் பழுப்பை ஒதுக்கிவிட்டுத் தெளிவாக ஒரு கோடு போட்டிருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். சில்லென்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தேன். தலைவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சரிம்மா, கரகத்தை அங்கேயே ஜோடிச்சுக்குவோம் என்றார். அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் பாட்டிலைத் திறந்து, விரலில் தொட்டுப் பையன் நெற்றியில் தடவினாள். அவன் அந்த ஈரத்தைக் கையால் வழித்து வாயில் வைத்துக்கொண்டான். ஆற்றுத் தண்ணீர் அவனுக்குப் பிடித்துவிட்டது என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த நாளும் மத்தியானம் லீவு போட்டுவிட்டு, இடத்தைச் சுத்தம் செய்யலாம் என்று ஒரு கத்தியோடு போனேன். பெரணியை வெட்டி ஒதுக்கினேன். பையனைக் குளிப்பாட்ட ஒரு குழி வேண்டுமே என்று ஓடையில் இருந்த கற்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

ஓடையில் கல் புரட்டாமல் வளர்ந்தவர்கள் எங்கள் லயத்தில் யாரும் இல்லை. புரட்டினால் ஒரு நண்டு பக்கவாட்டில் ஓடும். மணல் துணுக்குகளை ஒட்டிக் குழாய்போல வீடு கட்டிக்கொண்டு ஒரு புழு இருக்கும். தட்டானாகப் போகிற ஆறுகால் பூச்சி இருக்கும். தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தாலும் வாயால் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற தலைப்பிரட்டை இருக்கும். இதையெல்லாம் கொத்தித் தின்ன நீள வாலை ஆட்டிக்கொண்டு கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று கல்லுக்குக் கல் தாவும். முதல் கல்லுக்கடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பதினைந்து கல்லாவது புரட்டியிருப்பேன். சுத்தமான மணல்தான் இருந்தது. குருவியும் இல்லை. அந்தத் தெளிவு அப்போதுதான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினேன். கொஞ்ச தூரத்தில் காடு முடிந்து தேயிலை ஆரம்பித்தது. பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். என் ஆட்கள் இரண்டு பேர் ஓடையில் இறங்கி மருந்துப் பம்பு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்த எஸ்டேட்டில் மருந்து அடிக்கிற கூட்டத்துக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி. களைமருந்தும் பூச்சிமருந்தும் முதுகில் சுமந்து பல வருஷம் நானே அடித்தவள். இப்போது வங்காளதேசத்திலிருந்து வந்த ஆட்களை வைத்து அடிக்கிறேன். அந்தப் பாறை நான் தினமும் பார்க்கிற பாறைதான். மேலே ரோட்டிலிருந்து இறங்கித்தான் எப்போதும் பார்த்திருக்கிறேனே தவிர, கீழேயிருந்து ஏறி ஒரு நாளும் பார்த்ததில்லை. கவிழ்த்த பம்பிலிருந்து வந்த நுரை பாறையைச் சுற்றிக்கொண்டு என் காலைத் தொட்டுவிட்டுக் கீழே போயிற்று.

லீவில் இருக்கிற மண்டோர் காட்டுக்குள்ளிருந்து கத்தியோடு வந்து நின்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள். பெரியவன் சட்டென்று எழுந்து நின்றான். மூன்று வருஷத்தில் எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னான்.

“அக்கா, நாங்க வேற எடத்துல கழுவல. நீங்க சொன்ன எடம்தான். சுமுவா இங்கதான்.”

அவன் சொன்னது உண்மை. எல்லாம் அங்கேதான், நான் சொல்லித்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மண்டோர் ஆனதும் நான் போட்ட முதல் சட்டம் அது. லயத்துக்குத் தண்ணீர் எடுக்கிற ஓடையில் பம்பு கழுவக் கூடாது. அம்மன் கரகம் எடுக்கிற ஆற்றில் கழுவக் கூடாது. இரண்டையும் விட்டு, தேயிலைக்கு நடுவில் யாருக்கும் வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த இந்த ஓடையைப் பார்த்து வைத்தேன். இது எங்கேயும் போகாத ஓடை, இங்கே கழுவுங்கள் என்று சொன்னேன். சாமிக்கு மரியாதை செய்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிறைவு. எங்கேயும் போகாத ஓடை என்று மலையில் ஒன்று இருக்க முடியுமா என்று, நீலக் கோடு வரைந்து மார்க்கு வாங்கின எனக்குத் தோன்றவே இல்லை. ஓடை காட்டுக்குள் இறங்கியதும் என் கண்ணுக்கு மறைந்தது. அதோடு முடிந்துபோனதாக நினைத்துக்கொண்டேன்.

திரும்பிக் கீழே இறங்கினேன். ஆற்றுக்கு வந்ததும் என்ன வீம்போ, பழுப்புத் தண்ணீருக்குள் கையை விட்டு ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினேன். ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என் விரலைக் கவ்வ வந்தது. இத்தனை வருஷம் நான் திட்டின சேறு அது. அதற்குள் ஓர் உயிர் இருந்தது. நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கையிடம் அன்று சாயந்திரமே சொன்னேன். அவள் பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு இவன் வாயில வச்சானே, அந்தத் தண்ணியா கா?”

“ஆமா.”

அவள் பையனைத் தூக்கிக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் லோரியில் ஏறி டவுன் கிளினிக்குக்குப் போனோம். வழி முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, இனிமேல் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார். நானும் அந்தத் தண்ணீரைக் குடித்தவள் என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். அந்தத் தடவை குரல் ஏறவில்லை.

“அந்தத் தண்ணி வேணாம் அண்ணே. அதுக்கு மேலதான் என் ஆளுங்க மருந்துப் பம்பு கழுவுறாங்க. கழுவச் சொன்னது நான்தான்.”

கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் செய்யவில்லை. எத்தனை வருஷமாக என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், சொன்னேன். தலைவரும் ஒரு காலத்தில் மருந்து அடித்தவர்தான். எங்கள் காலத்தில் கோயில் துறையிலேயே பம்பைக் கழுவிவிட்டு அங்கேயே குளித்துவிட்டுப் போவோம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. கரகம் குழாயடியில் என்று முடிவானது.

பம்பு கழுவுகிற விஷயத்தைக் ஆபீஸ் கிராணியிடம் சொல்லி, மேனேஜர் துரை வரைக்கும் கொண்டுபோனேன். இப்போது ஓடையில் யாரும் இறங்குவதில்லை. பம்புக்குள் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதையும் மருந்து அடித்த தேயிலை மேலேயே அடித்துக் காலி செய்கிறோம். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், நானும் பதிலுக்குக் கத்துகிறேன். எதிர்க்கரையைத் திட்டுவதையும் விட்டுவிடவில்லை. மழை பெய்தால் வாய் தானாகத் திறக்கிறது. முன்பு போல நீளமாகத் திட்ட வரவில்லை, அவ்வளவுதான்.

திருவிழா அன்று கரகம் பாலத்தைத் தாண்டும்போது பூசாரி தானாகவே ஆற்றைப் பார்த்துத் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். மேளம் அடிக்கிறவர்களும் நிறுத்தினார்கள். தங்கை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கரும்பும் வாங்கவில்லை, தொட்டிலும் கட்டவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளாகத்தான் என் பக்கம் வந்து நின்றாள்.

“கொழாத் தண்ணிக்கு நான் வேண்டிக்கல கா. அடுத்த வருஷம் தூக்குறேன். அந்த ஓடைய நீதானே கெடுத்த, நீயே சரி பண்ணிக் குடு. அதுக்குள்ள இவன் தொட்டில் கொள்ளாம வளந்துடாம இருக்கணும் லா.”

சரி என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஓடைக்குப் போய்வருகிறேன். பெரணி மறுபடி முளைத்து மூடிவிட்டது. தண்ணீர் அன்று பார்த்தது போலவே தெளிவாக ஓடுகிறது. அதில் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பதால் ஒரே ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அதை மட்டும் புரட்டி, உயிர் ஏதும் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

போன ஞாயிறு காலையில் தங்கை வீட்டில் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக எழுந்து நின்றான். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தங்கை சிரித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள். தொட்டிலின் ஞாபகம் வந்து, அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் ஓடைக்குப் போய் அந்தக் கல்லைப் புரட்டினேன். மணல்தான் இருந்தது. கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.